ஆக்கள் போகாத இடங்களுக்குப் போற வழி

ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்தது காதில் விழுந்தது. எங்கள் வான் வண்டியின் கதவில் எழுதியிருந்ததை ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இவையள் ஆக்கள் போகாத இடங்களுக்கு வழி சொல்லுற கொம்பனியாம்" என்றாள். மற்றவள் கேட்டாள்: "ஆக்கள் ஏன் போகேல்லை எண்டு ஆரையும் கேட்டவையாமோ?"

எங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக நானும் எழுதியதில்லை. பஸ் தரிப்பிடத்தில் யாருக்காவது "நேரே போங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு "சரியாய்த்தான் சொன்னேனோ" என்று கலங்கியவர்கள் இதை வாசித்தால் என் பாடு விளங்கும். வேறு ஊரில் வழி பிழைத்தால் ஆள் சுற்றிப் போவார், ஏசுவார். வன்னியில் மிதிவெடியில் கால் போய்விடும். அந்தக் காலத்தில் நான் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

எங்கட மில்

போர் நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்த பிறகு, கனடாவில் இருந்து குகன் அண்ணை வவுனியாவுக்குத் திரும்பி வந்தார். டயர் ஒட்டுகிற கடை ஒன்றுக்கு மேலே ஓர் அறை எடுத்து, இரண்டு கணினிகளை வைத்து, வன்னியில் யாரும் பார்த்திராத இடங்களைக் காட்டும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் முடித்து வீட்டில் இருந்த என்னை எழுதுவதற்கு எடுத்தார். படம் பிடிக்கவும் வான் ஓட்டவும் நியாஸ் நானா வந்தார். அவருடைய குடும்பம் முல்லைத்தீவுக்காரர். புத்தளத்தில் பல வருசம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். மூன்று பேர்தான் கொம்பனி. இணையத்தில் இருந்தால் தொலைபேசி வேலை செய்யாது. யாராவது தொலைபேசியில் கதைத்தால் இணையம் இல்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படம், ஒரு கதை, கடைசியில் "போற வழி" என்று ஒரு பந்தி. அந்தப் பந்திக்கு குகன் அண்ணையே ஒரு சட்டம் வைத்திருந்தார். எழுதுகிறவர் அந்த வழியில் தன் காலால் நடந்திருக்க வேண்டும். நடக்காத வழியை எழுதக்கூடாது. ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு இந்தச் சட்டம் பெரிய ஆறுதல். யாரையும் கேட்கத் தேவையில்லை, நடந்தால் போதும்.

நாங்கள் முதலில் போட்ட இடங்களில் ஒன்று முரசுமோட்டையில் கூரை இல்லாத ஓர் அரிசி மில். அதன் நடுவால் ஆலமரம் ஒன்று வளர்ந்து, இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றது. கொஞ்ச நாளில் பாரிசில் இருந்து வந்த ஒருவர் எங்கள் படிகளில் ஏறி வந்தார். குகன் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "வழி நல்ல சரி, தங்கச்சி. இடமும் சரி. ஆனா அது எங்கட மில். அதை ஏன் அதிசயம் எண்டு போட்டனீங்கள்?"

முல்லைத்தீவுக் கடற்கரை

கடற்கரையில் மணலுக்குள் பாதி புதைந்தபடி ஒரு பழைய கப்பலின் இரும்பு கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். நியாஸ் நானா குனிந்தும் படுத்தும் படம் எடுத்தார். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எங்களைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவர் கையை நீட்டினார். நியாஸ் நானா கமராவைக் கழற்றிக் கொடுத்தார்.

அவர்கள் ஆளனுப்பிக் கூப்பிட்ட பங்குச் சாமியார் சைக்கிளில் வரும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம். எங்கள் கொம்பனி என்ன செய்கிறது என்று சொல்லத் தொடங்கினேன், பாதியில் எனக்கே அது நம்ப முடியாத கதையாய் இருந்தது. சாமியார் கமராவின் சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரும்பு, நண்டு, இரும்பு, என் செருப்பு. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் புறப்படும்போது ஒரு பெண் வான் வரைக்கும் வந்தா. கையில் ஒரு செம்புத் தண்ணீர். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னா: "கோவிக்காதேங்கோ, பிள்ளை. முன்னமும் ஒருத்தர் வந்து படம் எடுத்தவர். அதுக்குப் பிறகுதான் இதில குண்டு விழுந்தது."

கேணி

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய வண்டிப் பாதை ஒன்றில் எங்களுக்கு அந்தக் கேணி அகப்பட்டது. பாதையோரத்தில் தறப்பாள் சீலையால் கொட்டில் போட்டு, மீளக் குடியேறியிருந்த புஷ்பம் அக்காதான் கையை நீட்டிக் காட்டினா. மரங்களுக்கிடையே ஓர் ஒற்றையடிப் பாதை உள்ளே போனது. அதன் முடிவில் கருங்கல் படிகள், படிகளுக்குக் கீழே தண்ணீர் தெரியாதபடி சிவப்புத் தாமரை. அந்த ஒற்றையடிப் பாதையின் வாசலில் ஒரு சிவப்புத் தகரப் பலகை நின்றது. மண்டையோடு, கீழே "மிதிவெடி". புஷ்பம் அக்கா, "நாங்கள் அங்கால விறகுக்கும் போறேல்லை" என்றா. நியாஸ் நானா வண்டிப் பாதையில் நின்றபடியே படம் எடுத்தார். இடது பக்கத்தில் பலகை, தூரத்தில் கேணி. அத்தோடு திரும்பிவிட்டோம்.

குகன் அண்ணை அந்தப் படத்தைக் கண்டதும் கதிரையைவிட்டு எழும்பினார். தளம் தொடங்கி ஒரு வருசம் ஆகப்போகிறது, முதற் பக்கத்துக்கு இதுதான் படம் என்றார். பிறகு பலகை நின்ற பக்கத்தை வெட்டினார். மிச்சமிருந்தது சருகு விழுந்த அழகான பாதை, தாமரை. "போற வழியை எழுது" என்றார். நான், "அண்ணை, நாங்கள் உள்ளுக்குப் போகேல்லை" என்றேன். அவருடைய சட்டத்தை அவருக்கே சொல்லத் துணியாமல் அந்தளவில் நிறுத்திவிட்டேன். அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தானே அடித்தார்: வண்டிப் பாதையில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் கேணி.

"பலகையை வெட்டினது சரியில்லை, அண்ணை" என்றேன். அது எனக்கே பாதிதான் கேட்டது.

அவருக்குக் கேட்டது. "பலகை அங்கதானே நிக்குது, பிள்ளை. போறவன் பாப்பான்."

காலைக் கடிதம்

காலையில் அலுவலகம் திறந்ததும் மின்னஞ்சல் பார்ப்பது என் வேலை. வாசகர்கள் எழுதுவார்கள். சிலர் புகழ்வார்கள், சிலர், "உங்கட பக்கத்தில எங்கட ஊர் ஏன் இல்லை?" என்று சண்டைக்கு வருவார்கள். அன்று இலண்டன்காரர் தயாபரன் என்பவரிடம் இருந்து இரண்டு வரி வந்திருந்தது. மனைவியின் ஆட்களைப் பார்க்க ஒட்டுசுட்டானுக்குப் போகிறாராம். போகும் வழியில் வவுனியாவில் ஓர் இன்ரர்நெற் கடையில் இருந்து முதல்நாள் அனுப்பியிருந்தார். "நாளைக்குக் காலமை மனிசியோட கேணிக்குப் போறம். உங்கட வழியைப் பிறின்ற் எடுத்து வச்சிருக்கிறன். நன்றி."

நாளைக்கு என்றால் இன்றைக்கு. இருந்தும் நான் அவ்வளவு பயப்படவில்லை. பலகை நிற்கிறது, பார்ப்பார், திரும்புவார் என்று குகன் அண்ணை சொன்னதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டேன். வான் கழுவிவிட்டு மேலே வந்த நியாஸ் நானாவிடம் கதையாகத்தான் சொன்னேன். அவர் கைதுடைத்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன கிழமை அந்தப் பக்கத்தால வந்தனான்" என்றார். "பலகை அதில இல்லை."

குகன் அண்ணை கணினியைவிட்டுத் திரும்பினார். "ஏன் சொல்லேல்லை?"

"பலகை இல்லையெண்டா வெடி எடுத்து முடிச்சிட்டினம் எண்டுதானே நினைப்பினம், அண்ணை. நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அவசரம் எதற்கு

ஒட்டுசுட்டானில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. அவர் யார் வீட்டில் நிற்கிறார் என்றும் தெரியாது. மூன்று பேரும் வானில் ஏறினோம். வெடி எடுத்து முடித்திருக்கலாம். முடிக்காமலும் இருக்கலாம். ஓமந்தை வரைக்கும் வானுக்குள் எங்கள் மூன்று தலையிலும் ஓடிக்கொண்டிருந்தவை இந்த இரண்டு வசனங்கள்தான்.

அந்தப் பாதையால் போய்வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறங்க வேண்டும், நடக்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், வானைத் தனியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆமிக்காரன் எங்கள் மேலதிக டயரைத் தட்டிப் பார்த்தான். கமராவைக் கழற்றச் சொன்னான். குகன் அண்ணை ஆங்கிலத்தில் கெஞ்சினார். கெஞ்சினால் இன்னும் மெதுவாகப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நியாஸ் நானா அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் இருந்த சூனியப் பகுதியைக் கடந்து இயக்கத்தின் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் வரிசை, அங்கேயும் பதிவு. மேசையில் இருந்த பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். எங்கே போகிறீர்கள், என்ன அலுவல் என்று கேட்டாள். குகன் அண்ணை நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னார்: எங்கள் தளத்தைப் பார்த்து ஒருவர் போகிறார், வெடி இருக்கலாம், அவரை மறிக்க வேணும். அவள் பேனையை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி போட்டது நீங்கள். மறிக்க ஓடுறதும் நீங்கள். முதலே போடாமல் விட்டிருக்கலாமே, அண்ணை?"

வைத்த கால்

மாங்குளத்தில் மிதிவெடி எடுக்கிற ஆட்களின் முகாம் இருந்தது. நியாஸ் நானா வானை அதற்குள் திருப்பினார். பொறுப்பாளர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கேணி என்றதும் கோப்பையை வைத்தார். "அங்க நாங்கள் இன்னும் கையே வைக்கேல்லையே" என்றார். வானுக்குள் ஓடிய இரண்டு வசனங்களில் ஒன்று இல்லாமல் போனது. அவர்களுடைய வாகனம் எங்களுக்குப் பின்னால் வந்தது.

வண்டிப் பாதையில் ஓர் ஓட்டோ நின்றது. பக்கத்தில் ஒரு பெண், தலையில் தொப்பி, கையில் கமரா. எங்களைக் கண்டு சிரித்துக் கையசைத்தா. தயாபரனின் மனைவி. பலகை நின்ற இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது. ஒற்றையடிப் பாதையில், சருகுக்கு மேலே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தயாபரன் நடந்துகொண்டிருந்தார். கையில் எங்கள் தளத்தில் இருந்து பிறின்ற் எடுத்த தாள். வழியைப் பார்ப்பதும் நடப்பதுமாய்.

குகன் அண்ணை வாயைத் திறந்தார். சும்மா கூப்பிட்டால் தயாபரன் திரும்பி ஓடிவரக் கூடும் என்று எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. நான் கத்தினேன்: "அண்ணை, அசையாதேங்கோ! மிதிவெடி! வச்ச கால் வச்சபடி நில்லுங்கோ!"

அவர் நின்றார். ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு. பொறுப்பாளர் வந்து, குரலை உயர்த்தாமல், "தம்பி, இருக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். நாங்கள் உங்களிட்ட வாறம். நேரம் எடுக்கும்" என்றார். இரண்டு பேர் கவசம் போட்டுக்கொண்டு பாதையின் வாசலில் முழந்தாளில் இருந்தார்கள். கருவியைத் தடவி, சருகை விரலால் அகற்றி, குச்சியால் சரிவாகக் குத்திப் பார்த்து, ஒரு சாண் முன்னுக்கு. பிறகு இன்னொரு சாண். இரண்டு பக்கமும் வெள்ளைத் தடி நட்டு நூல் இழுத்தார்கள்.

இப்படி வெயில் உச்சிக்கு ஏறியது. மனைவி என் கையைப் பிடித்திருந்தா, நகம் பதிந்தது. தயாபரனின் பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது எங்களுக்கே தெரிந்தது. குகன் அண்ணை வானில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து, எறிவதற்குக் கையை ஓங்கினார். "எறியாதேங்கோ!" என்று பொறுப்பாளர் கத்தினார். அன்று முழுக்க அவர் கத்தியது அப்போது மட்டும்தான். போத்தல் எங்கே விழும், எதன் மேல் விழும் என்று குகன் அண்ணைக்கு விளங்க ஒரு நிமிசம் பிடித்தது. போத்தலைக் கீழே வைக்கவும் பயந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு, தயாபரன் விழாமல் இருக்க யாராவது கதை கொடுக்க வேணும் என்று பொறுப்பாளர் சொன்னதும், குகன் அண்ணை கதைக்கத் தொடங்கினார். இலண்டனில் எந்த இடம், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். தயாபரன் முகத்தைத் திருப்பாமல் பதில் சொன்னார்.

பாதி வழியில், கவசம் போட்ட இருவரில் முன்னால் போனவர் கையை உயர்த்தினார். வெடி கிடக்கிற இடத்துக்கு நடுகிற சிவப்புத் தடி ஒன்றை வாங்கி, பாதையின் ஓரத்தில், ஒரு வேருக்குப் பக்கத்தில் நட்டார். தயாபரன் அதைத் தாண்டித்தான் போயிருந்தார்.

அவரைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிவந்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மனைவி அவருடைய முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு அழுதா. அவர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு, இவ்வளவு நேரமும் தன்னோடு கதைத்தவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "நீங்கள் ஆர், அண்ணை?"

குகன் அண்ணை சொன்னார்: "வழி எழுதினவன்."

கோழிக்கூடு

பலகையைப் பொறுப்பாளர்தான் முதலில் கண்டார். புஷ்பம் அக்காவின் கொட்டிலுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்கு அது கதவாய் நின்றது. மண்டையோடு உட்பக்கம், கோழிகளைப் பார்த்தபடி. பின்புறத் தகரம் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா ஒளிக்கவில்லை. மழைக்குத் தடி உக்கிச் சரிந்து விழுந்து கிடந்ததாம். அந்தக் கிழமை கீரி வந்து இரண்டு கோழிப் பேடுகளைப் பிடித்துக்கொண்டு போனதாம். ஓட்டோ வந்தபோது அவ கிணற்றடிக்குப் போயிருந்தாவாம்.

"அக்கா, உது என்ன பலகை எண்டு தெரியும்தானே?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"ஏன் தெரியாது?"

"பிறகேன் எடுத்தனீங்கள்?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நிலத்தில் இருந்த தயாபரனையும் அவருடைய மனைவியையும் எங்கள் வானையும் மாறிமாறிப் பார்த்தா. "அங்க வெடி இருக்கெண்டு இந்த ஊரில குழந்தைக்கும் தெரியும். ஆக்கள் போகாத இடத்துக்குப் பலகை எதுக்கு, தம்பி?"

முழுப் படம்

பலகையை அவர்கள் கழற்றி, புதுத் தடியில் அடித்து, பழைய குழியிலேயே நட்டார்கள். நியாஸ் நானா எங்கள் வானுக்குள் கிடந்த ஒரு பலகைத் துண்டைக் கோழிக்கூட்டுக்குக் கட்டிக் கொடுத்தார். ஓமந்தை மூடுவதற்குள் வந்து சேர்ந்தோம். திரும்பும் வழியில், குகன் அண்ணை நாளைக்கே கொம்பனியைப் பூட்டிவிட்டுக் கனடாவுக்குப் போய்விடுவார் என்று நான் நினைத்தேன். எனக்கும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வவுனியாவில் கடைகளுக்கு லைற் போடுகிற நேரம். டயர்க் கடைக்காரர் கீழே இருந்து, "என்ன அண்ணை, பயணம் எப்பிடி?" என்று கேட்டார். நாங்கள் படியேறினோம்.

மேலே வந்ததும் குகன் அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினியைப் போட்டார். தான் எழுதிய "போற வழி"யை முழுவதும் அழித்தார். என்னிடம் கேட்காமல், என்னைப் பார்க்காமல், அந்த இடத்தில் அடித்தார்: "உள்ளே மிதிவெடி. வழி இல்லை. நாங்களும் போகவில்லை." நியாஸ் நானாவிடம் வெட்டாத படத்தைக் கேட்டு வாங்கி, பழைய படத்தை எடுத்துவிட்டு அதை ஏற்றினார். பிறகு, வாசகர் ஒருவர் பார்ப்பதுபோல, முதற் பக்கத்தைப் புதிதாகத் திறந்தார்.

இணைப்பு மெதுவாய் இருந்தது. படம் மேலிருந்து ஒவ்வொரு கீற்றாக இறங்கியது. முதலில் மர உச்சிகள். பிறகு இலைகள். பிறகு தூரத்தில் கருங்கல் படியும் தாமரையும். குகன் அண்ணை கதிரையில் இருக்காமல், மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, திரையின் இடது பக்கத்தில் பலகை முழுவதாய் வந்து சேரும்வரை நின்றார்.